வெள்ளி ராத்திரிப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃபிளாட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு படம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மனதில் பட்டதை நாலு வரி எழுதிப் போடுவேன். நாலு வரிக்கு நாற்பது கேள்வி வரும். கிள்ளானில் இருக்கும் பெரியம்மா ஒன்று கேட்பார். அதையே ரெண்டு நாள் கழித்து ஈப்போ சித்தப்பா கேட்பார். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். இனிமேல் யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்புவேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தியேட்டருக்குப் போகாமல் ஏன் வீட்டிலேயே பார்க்கிறீர்கள்?

அப்பாவுக்கு 76 வயது. முட்டி வலி. இருட்டில் படி இறங்கப் பயம். காதும் மந்தம். தியேட்டரில் சத்தம் இடி மாதிரி விழுகிறது, பேசுவது மட்டும் புரியவில்லை என்பார். அப்புறம் காசு. ஐந்து பேர் போனால் டிக்கெட், சோளப்பொரி, கார் நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்ந்து நூறு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு ஒன்று காணாமல் போகிறது.

தியேட்டர் பிடிக்காத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான புதிதில் அம்மாவைக் கொலிசியம் தியேட்டருக்குக் கூட்டிப்போன கதையை இன்றைக்கும் சொல்வார். நாம் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை என்கிறோம், அவருக்கு அது இன்னும் பத்து ரோடுதான். “என்ன படம்னு ஞாபகமில்ல, ஆனா நல்ல மழை” என்பார். “மழையெல்லாம் இல்ல. உங்கப்பா குடை கொண்டு வந்தாரு, அவ்வளவுதான்” என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் வரும்.

வீட்டில் பார்த்தால் கவனம் சிதறாதா?

சிதறும். அம்மா இருக்கிற வீட்டில் சிதறாமல் இருக்குமா? புதிதாக ஒரு முகம் வந்தால் போதும், “இவன் அந்தப் படத்துல தம்பியா வந்தவன்தானே?” என்பார். எந்தப் படம் என்று கேட்டால் அது அவருக்கும் தெரியாது. யாராவது சாப்பிட்டால் இலையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். கதாநாயகி அழுதால் முதலில் சேலையைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் கூட அழுவார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது ஒன்று கவனிக்கிறேன். நல்ல படம் என்றால் முக்கால் மணி நேரத்தில் அம்மா தானாக அடங்கிவிடுகிறார். கடைசி வரை பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் படத்தில் ஏதோ குறை. இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

காது மந்தம் என்பதால் அப்பாவுக்குத் திரையின் கீழே மலாய் மொழிபெயர்ப்பு வரிகள் ஓட வேண்டும். மலாய் வரி இருக்கிற தமிழ்ப் படமாகத் தேடிப் பிடிப்பதே வாரம் ஒரு வேலை. தமிழ்ப் படத்தைத் தமிழர் ஒருவர் மலாயில் வாசித்துப் புரிந்துகொள்கிறார், என்ன செய்வது? அதில் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் ‘பாக்சிக்’ ஆகிவிடுகிறார்கள். “யாரோட யாரு சண்டை போடுறான்னே தெரியல, எல்லாரும் பாக்சிக்கா இருக்கான்” என்று அப்பா ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

மெய்யழகன் பார்த்து நீ அழுதாயாமே? உனக்குத்தான் தஞ்சாவூர்ப் பக்கமே தெரியாதே?

தெரியாதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டது ஈப்போ சித்தப்பா. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், சித்தப்பா.

பார்க்காதவர்களுக்கு: 2024இல் வந்த படம். அரவிந்த்சாமியின் குடும்பம் 1996இல் சொந்தக்காரர்களோடு ஏற்பட்ட சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போகிறது. 22 வருடம் கழித்து, தங்கச்சி முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக அவர் நீடாமங்கலம் வருகிறார். அங்கே “அத்தான், அத்தான்” என்று ஒருவர் அவரிடம் ஒட்டிக்கொள்கிறார். அது கார்த்தி. அவர் யார், பேர் என்ன, எதுவும் அரவிந்த்சாமிக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். இதே இயக்குநர் பிரேம்குமாரின் முந்தைய படத்தின் பேரே 96. அந்த வருஷத்தின் மேல் அவருக்கு என்னவோ ஒரு பிடிப்பு.

மணமேடையில் தங்கச்சிக்குச் சீர் செய்யும் இடத்தில் எல்லாரும் அழுதார்களாம். எங்கள் வீட்டிலும் அம்மாவும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் அழுதார்கள். (வீட்டுக்காரர் இதை மறுப்பார். நான் பார்த்தேன்.) எனக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா ஒன்று கேட்டார். “அந்த வீடு இன்னும் நிக்குதுல்ல?”

நிற்கிறது. வேறு யாருடையதோ ஆகிவிட்டது, ஆனால் நிற்கிறது. தெருவில் நின்று பார்க்கலாம். அப்பா பிறந்த லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) நிற்கவில்லை. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம். அவர் சின்ன வயதில் ரப்பர், பிறகு செம்பனை, பிறகு வரிசை வீடுகள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு தூங்குமூஞ்சி மரத்தை மட்டும் அடையாளம் கண்டுபிடித்தார். அதிலிருந்து காலடி எண்ணிக்கொண்டு போய், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இங்கேதான் என்று ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றார். உள்ளேயிருந்து ஒரு மலாய் அம்மா வந்து, யாரைத் தேடுகிறீர்கள் பாக்சிக் என்று கேட்டார். அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்தான், வழி தவறி வந்துவிட்டோம் என்றேன். அந்தப் பொய்யை நினைத்துத்தான் அன்றைக்கு ராத்திரி அழுதேன்.

தமிழ்நாட்டுப் படங்களில் ‘ஊர்’ என்றாலே ஒரு வீடு, ஒரு குளம், குலசாமி, வயல் எல்லாம் இருக்கும். இழப்பதற்காவது ஏதோ இருக்கும். நமக்கு லயம் கம்பெனியுடையது, கோயில் நிலம் கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. விற்கவும் இல்லை, யாரும் ஏமாற்றிப் பிடுங்கவும் இல்லை. அதனால் கோபப்பட ஒரு சொந்தக்காரன்கூடக் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. சண்டை போடும் அளவுக்கு அவர்களுக்கு ஒரு வீடு இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு வேறு இடம் தைத்தது. அரவிந்த்சாமி சின்ன வயதில் விட்டுவிட்டுப் போன சைக்கிள், பிறகு கார்த்தி குடும்பத்துக்குப் பிழைப்பாக இருந்திருக்கிறது என்று வருமல்லவா? மறுநாள் தோசைக்கு அரிசி ஊறப்போடும்போது அம்மா சம்பந்தமே இல்லாமல் சொன்னார்: “நம்ம ஆட்டுக்கல்ல தூக்க முடியாம அங்கயே விட்டுட்டு வந்தோம். யாரு அரைச்சாங்களோ.”

அப்படியென்றால் அது குறையே இல்லாத படமா?

குறை இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். தியேட்டரில் வெளியான சில நாளிலேயே 18 நிமிடத்தைக் குறைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குறைத்தது தப்பு என்று சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பகுதியில் மகள் தூங்கிவிட்டாள், அம்மா எழுந்துபோய் பால் காய்ச்சினார்.

கடைசி விவசாயி நகரவே மாட்டேன் என்கிறதே. எப்படி முழுசாகப் பார்த்தீர்கள்?

அப்பா இருந்ததால். 2022இல் வந்த படம், மணிகண்டன் இயக்கியது. குலதெய்வத் திருவிழாவுக்கு நெல் வேண்டும். ஊரில் இன்னும் விவசாயம் செய்கிறவர் மாயாண்டி என்ற கிழவர் ஒருவர்தான். வயலில் செத்துக்கிடந்த மயில்களைப் பாவம் என்று புதைக்கிறார், மயிலைக் கொன்றதாக அவர் மேலேயே வழக்கு வந்துவிடுகிறது. உள்ளே இருந்துகொண்டு அவர் கவலைப்படுவது தன்னைப் பற்றி இல்லை, பயிருக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்றுதான். நீதிபதி ஒரு போலீஸ்காரரையே தண்ணீர் பாய்ச்ச அனுப்புகிறார்.

மாயாண்டிக்கும் காது சரியாகக் கேட்காது. கோர்ட்டில் அவரிடம் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது அப்பா வாய்விட்டுச் சிரித்தார். தன்னை மாதிரி ஒரு ஆளைத் திரையில் பார்த்த சிரிப்பு. அந்தப் பெரியவர் நல்லாண்டி, நிஜமாகவே ஒரு விவசாயி. படம் வெளிவருமுன்பே இறந்துவிட்டார். இதைச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “மண்வெட்டி பிடிக்கிறதுலயே தெரிஞ்சிச்சு” என்றார்.

மெதுவாக நகரும் படங்களுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று: கைவேலை உள்ள யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நமக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிற இடத்தில் அவர்களுக்கு நிறைய நடக்கும்.

ஜகாட் நம்மைக் கேவலமாகக் காட்டுகிறது. அதைப் போய் ஏன் பாராட்டி எழுதினாய்?

இது பெரியம்மாவின் கேள்வி. “குடிகாரன், குண்டர், கஞ்சா. நம்ம பிள்ளைங்கள்ல டாக்டர் இல்லையா, வக்கீல் இல்லையா?” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். மூன்று நிமிடப் பதிவு.

பெரியம்மா, இருக்கிறார்கள். உங்கள் மகனே இருக்கிறான். ஆனால் நம் நாட்டுத் தமிழ்ப் படமான ஜகாட், தோட்டத்தை விட்டு வெளியே வந்து புறம்போக்கில் குடிசை போட்டவர்களைப் பற்றியது. 90களின் தொடக்கம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். கற்பனையும் குறும்பும் நிறைந்தவன். அப்பா அடித்து அடித்துப் படிக்கச் சொல்கிறார். ஒரு சித்தப்பா குண்டர் கும்பலில், இன்னொருவர் போதையிலிருந்து மீளப் பார்க்கிறவர். பையன் எந்தப் பக்கம் போவான் என்பதுதான் கதை. மலாயில் கெட்டவன் என்பதற்கு உள்ள சொல் நம்மவர்கள் வாயில் ஜகாட் ஆயிற்று. தலைப்பிலேயே நம் உச்சரிப்பு இருக்கிறது.

எனக்கு அந்த அப்பாதான் மறக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. பையன் தன்னை மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில் அடிக்கிறார். அந்த அடியே அவனை வெளியே தள்ளுகிறது. நம் தெருவில் அப்படி எத்தனை வீடு இருந்தது, பெரியம்மா? பிரம்பு எங்கே தொங்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். உங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த இந்தப் படத்தை, மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழி அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். ஓலா போலா என்ற இன்னொரு மலேசியப் படத்துக்கும் அதே கதி. கலைஞர்கள் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் ஏற்பாடு மாறியது. கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதே ஜகாட்டுக்குக் கிடைத்தது. தமிழ் பேசும் படம், இந்த நாட்டின் படம். நம்மைக் கேவலப்படுத்துகிறது என்று நாமே ஒதுக்கினால் எப்படி?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை. கெட்ட வார்த்தை தாராளம். அப்பா மலாய் வரிகளை வாசித்துவிட்டு, “இவ்வளவு மரியாதையாவா பேசுறாங்க?” என்றார். மொழிபெயர்த்தவர் சுத்தம் செய்துவிட்டார் போலிருக்கிறது.

மலேசியாவைக் காட்டிய பெரிய படம் கபாலிதானே? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

2016இல் தியேட்டரில் பார்த்தபோது விசில் அடித்தவர்களில் நானும் ஒருத்தி. போன மாதம் வீட்டில் திரும்பப் பார்த்தேன். விசில் வரவில்லை. பழைய கதையில், தோட்டத் தொழிலாளியாக இருக்கும் ரஜினி சீனருக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழருக்கும் கொடு என்று நிற்கிற அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் போதும். மிச்சம் கோட்டும் சூட்டும்.

முடிவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இந்தியாவில் துப்பாக்கிச் சத்தத்தோடு முடியும். இங்கே வெளியானதில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டார்கள். மகள் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆன்டி சுவரைத் தட்டினார்.

தமிழ்ப் படம் மட்டும்தானா?

இல்லை. சமீபத்தில் பார்த்ததில் மனதை அதிகம் பிசைந்தது ‘அபாங் அடிக்’ என்ற மலேசியப் படம்தான். 2023இல் வந்தது, ஜின் ஓங் இயக்கியது. நம் புடுவில் நடக்கிற கதை. அடையாள அட்டை இல்லாத ரெண்டு அண்ணன் தம்பி. அண்ணனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவராக நடித்த தைவான் நடிகர் வூ காங்ரென்னுக்கு கோல்டன் ஹார்ஸ் விருது கிடைத்தது.

அவித்த முட்டையை ஒருவர் நெற்றியில் ஒருவர் தட்டி உடைத்துச் சாப்பிடுவார்கள். மறுநாள் பசியாறும்போது மகள் என் நெற்றியில் தட்டினாள். வலித்தது.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அண்ணன் கையால் பேசுகிறார், மற்றவர்கள் பல மொழி கலந்து பேசுகிறார்கள். வீட்டில் ஐந்து பேரும் கீழே ஓடும் வரியைத்தான் வாசித்தோம். அந்த ஒரு ராத்திரி மட்டும் அப்பா எங்களை விடப் பின்தங்கவில்லை. “என்ன சொன்னான், என்ன சொன்னான்” என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அடையாள அட்டை விஷயத்தில் மட்டும் நடுவில் பேசினார். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையோடு கடைசி வரை அலைந்த தன் பெரியப்பாவைப் பற்றி. படத்தை நிறுத்திவிட்டு அதைக் கேட்டோம். மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம்.

பாதியில் நிறுத்திய படங்கள் உண்டா?

நிறைய. பேர் சொல்ல மாட்டேன். பெண்ணைப் பின்னாலேயே துரத்திக் காதலிக்க வைக்கிற படம் என்றால் மகள் கையில் ரிமோட் போய்விடும்.

நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் ஏன் போடுவதில்லை?

ஒருமுறை ஐந்துக்கு மூன்று போட்டேன். பினாங்கு அண்ணி, ஏன் மூன்றரை இல்லை என்று கேட்டு அரை மணி நேரம் போனில். அதோடு விட்டுவிட்டேன்.

பிள்ளை உங்களோடு உட்கார்ந்து பழைய படமெல்லாம் பார்க்கிறாளா? நம்ப முடியவில்லையே.

இரண்டாம் படிவம் படிக்கிறாள். முதல் அரை மணி நேரம் கைப்பேசியும் கையுமாகத்தான் இருப்பாள். கட்டாயப்படுத்துவதில்லை. அவள் உட்காருவது படத்துக்காக இல்லை, நடுவில் தாத்தா சொல்கிற கதைக்காக என்று நினைக்கிறேன். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட கதையை அவள் ஐந்தாறு தடவை கேட்டிருப்பாள். முன்பக்கம் இடம் கிடைக்காமல் தாத்தா எப்போதும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்ப்பாராம். அந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும். அதனால் கதாநாயகன் இடது கைக்காரர் என்று ரொம்ப நாள் நம்பியிருக்கிறார். தானும் இடது கையால் கம்பு சுற்றிப் பழகியிருக்கிறார்! பட்டணத்துக்கு வந்து தியேட்டரில் பார்த்த அன்றைக்குத்தான் உண்மை தெரிந்ததாம். “அன்னைக்கு மனசே விட்டுப்போச்சு” என்பார். இப்போதும் அவருக்கு இடது கையில் பலம் அதிகம். கேரம் விளையாடும்போது பாருங்கள்.

அடுத்து என்ன படம்?

வரும் வெள்ளி மேற்குத் தொடர்ச்சி மலை. லெனின் பாரதி எடுத்தது, 2018இல் வந்தது. ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஒருவர் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிற கதை. நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். முடிவை அப்பாவிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு அடுத்த வாரம் செம்மண் சாலை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். 2005இல் தீபக் குமரன் மேனன் நம் நாட்டுத் தோட்டத்தை வைத்து எடுத்தது. யாரிடமாவது வட்டு இருந்தால் சொல்லுங்கள்.

எட்டரைக்கு ஆரம்பம். வருகிறவர்கள் கொறிக்கக் கச்சாங் பூத்தே (கடலை வகை) வாங்கி வரலாம், ஈப்போ சித்தப்பா வந்தால் புந்தோங்கிலிருந்து. முறுக்கு வேண்டாம். அப்பாவால் கடிக்க முடியாது. நாம் கடித்தால், அது ஒன்று மட்டும் அவர் காதில் நன்றாக விழுகிறது.